பழைய ஆண்ட்ராய்டு போனை கார் மீட்டராக மாற்றுவது எப்படி?

இப்போது வரும் பல கார்களில் எஞ்சின் வெப்பத்துக்கு முள் கிடையாது, ஒரு சின்ன விளக்கோடு சரி. அது சிவப்பாக எரிவதற்குள் எஞ்சின் அநேகமாகக் கொதித்திருக்கும். இத்தனைக்கும் அந்த வெப்பநிலை, டிகிரி கணக்கில் காரின் கம்ப்யூட்டருக்குத் தெரியும், நமக்குத்தான் காட்டுவதில்லை. டிராயரில் சும்மா கிடக்கும் ஆண்ட்ராய்டு போன் ஒன்றும், ஒரு சின்ன அடாப்டரும் போதும், அதைக் கண்ணெதிரே கொண்டுவந்துவிடலாம்.

முதலில் ஸ்டியரிங்குக்குக் கீழே, உங்கள் முழங்கால் பக்கம் குனிந்து பாருங்கள். 16 பின் கொண்ட, ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் உள்ள சாக்கெட் இருக்கும், அதுதான் ஓ.பி.டி போர்ட், காரின் கம்ப்யூட்டரிடம் தகவல் கேட்கும் வாசல். இந்தியாவில் 2013க்குப் பிறகு வந்த கார் என்றால் பெரும்பாலும் கவலையில்லை.

அதில் செருக இ.எல்.எம் 327 வகை ப்ளூடூத் அடாப்டர் வாங்க வேண்டும். சந்தையில் இருப்பவை பெரும்பாலும் நகல்கள்தான், ரொம்ப மலிவானதில் சில கட்டளைகள் வேலை செய்யாது, அதனால் திருப்பிக் கொடுக்க வசதியுள்ள கடையாகப் பார்த்து வாங்குங்கள். பழைய ஐபோன்தான் இருக்கிறது என்றால் சாதாரண ப்ளூடூத் அடாப்டர் உதவாது, வைஃபை அல்லது பி.எல்.இ (குறைந்த மின்சக்தி ப்ளூடூத்) வகை வேண்டும்.

அடாப்டரைச் செருகி, இக்னிஷனை ஆன் செய்து, போனின் ப்ளூடூத் செட்டிங்ஸில் அதை இணையுங்கள். பின் நம்பர் கேட்டால் 1234 அல்லது 0000. அப்புறம் கார் தகவல்களைக் காட்டும் டார்க் (Torque) செயலியைப் போனில் நிறுவித் திறந்து, ஓ.பி.டி2 அடாப்டர் செட்டிங்ஸில் இந்த அடாப்டரைத் தேர்ந்தெடுங்கள். ரியல்டைம் இன்ஃபர்மேஷன் என்ற பக்கத்தில் ஆட் டிஸ்ப்ளே கொடுத்தால் வட்ட மீட்டரோ வெறும் எண்ணோ, வேண்டியதை வைத்துக்கொள்ளலாம்.

இங்கேதான் எல்லோருக்கும் ஆசை வரும், பத்து மீட்டரை அடுக்கத் தோன்றும். வேண்டாம். போன் ஒவ்வொன்றையும் காரிடம் தனித்தனியாகக் கேட்டுத்தான் வாங்குகிறது. கூலண்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தின் வெப்பநிலை வேண்டுமென்றால் 0105 என்று கேட்கும், கார் 41 05 82 என்று பதில் சொல்லும். கடைசி 82 பதினாறடிமான (ஹெக்ஸ்) எண், நம் கணக்கில் 130, அதில் 40 போனால் 90 டிகிரி. இப்படி ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு கேள்வி, ஒரு பதில். பத்தும் வரிசையில் நின்றால் எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம் முள் தூங்கி வழியும்.

என்னைக் கேட்டால் இரண்டே போதும், கூலண்ட் வெப்பநிலையும் பேட்டரி வோல்டேஜும். வேகமும் ஆர்.பி.எம்மும் ஏற்கெனவே டேஷ்போர்டில் இருக்கின்றன, அதை இன்னொரு தடவை பார்த்து என்ன ஆகப்போகிறது? சிக்னலில் நிற்கும்போது கவனியுங்கள்: 92, 95, 98 என்று ஏறும், ரேடியேட்டர் ஃபேன் உறுமும், மெல்ல இறங்கும். ஃபேன் சத்தமே கேட்காமல் எண் மட்டும் ஏறிக்கொண்டே போனால், ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். செயலியிலேயே அலாரமும் வைக்கலாம். வோல்டேஜ் எஞ்சின் அணைந்திருக்கும்போது 12.6 அளவிலும், ஓடும்போது 14 பக்கத்திலும் இருந்தால் நல்லது. ஓடும்போதும் 12லேயே நின்றால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்மார்ட் ஹைப்ரிட் கார்களில் மட்டும் இது ஏறி இறங்குவது சகஜம்.

போனை ஏசி வென்ட்டில் மாட்டுங்கள், ஏர்பேக் மூடிமேல் ஒருபோதும் வேண்டாம். வெயிலில் நிறுத்தினால் கையோடு எடுத்துப் போய்விடுங்கள், இல்லாவிட்டால் போன் பேட்டரி உப்பிவிடும். காரைச் சில நாள் எடுக்கப் போவதில்லை என்றால் அடாப்டரையும் உருவிவிடுங்கள், போர்ட்டின் 16ஆவது பின்னில் சாவி இல்லாவிட்டாலும் மின்சாரம் வந்துகொண்டேதான் இருக்கும்.

இன்னொன்று, ஃபால்ட் கோடுகளை, அதாவது கார் பதிந்து வைக்கும் கோளாறுக் குறியீடுகளை அழிக்கும் பட்டனும் செயலியில் இருக்கும். அழுத்தினால் டேஷ்போர்டின் செக் எஞ்சின் விளக்கு அணையும், கூடவே கோளாறு வந்த நொடியில் கார் பதிந்து வைத்த விவரமும் போய்விடும், எனவே மெக்கானிக் பார்க்கும்வரை அதைத் தொடாதீர்கள்.