கத்தியின் வாய்: சமையலறைக் கத்தியைத் தேர்ந்தெடுப்பதும் பேணுவதும்

நன்கு பழுத்த தக்காளி ஒன்றின் தோல்மீது கத்தியை வைத்து, கையால் அழுத்தாமல், அதன் சொந்த எடையில் மட்டும் மெல்ல இழுத்துப் பாருங்கள். தோல் உடனே பிளந்து அலகு உள்ளே இறங்கினால் அந்தக் கத்தி வேலைக்கு ஆயத்தமாக இருக்கிறது. தோல் குழிந்து, அலகு வழுக்கிக்கொண்டு போனால் அது மழுங்கிவிட்டது. மழுங்கிய கத்தியால் நறுக்குபவர் தம்மை அறியாமலேயே கூடுதலாக அழுத்துகிறார். அந்த நிலையில் அலகு வழுக்கினால், அவ்வளவு அழுத்தமும் விரல்மீது இறங்குகிறது. வீட்டில் கூரான கத்தி இருப்பது ஆபத்து என்று கருதி, வேண்டுமென்றே மழுங்கிய கத்தியைப் புழங்குபவர்கள் உண்டு. அவர்களிடம் நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது இதுதான்: ஆபத்து மழுங்கலில் இருக்கிறது.

வெட்டும் விளிம்பைக் கத்தியின் வாய் என்கிறோம். நன்கு தீட்டிய வாய், தலைமுடியின் பருமனைவிடப் பல மடங்கு மெல்லிய ஒரு கோடு. கத்திக்குக் கொடுக்கும் விலை, பிடியின் அழகு, அலகின் பளபளப்பு எல்லாம் அந்தக் கோட்டுக்குப் பின்னால்தான் வருகின்றன. எந்த எஃகை வாங்குவது, எந்தப் பலகையில் வெட்டுவது, எப்படிக் கழுவுவது, எங்கே வைப்பது என்ற கேள்விகள் அனைத்தையும் அந்தக் கோட்டுக்கு இதனால் நன்மையா தீமையா என்று கேட்டே முடிவு செய்யலாம்.

எத்தனை கத்திகள் தேவை

பெட்டியாக அடுக்கி விற்கப்படும் எட்டு, பத்துக் கத்திகள் கொண்ட தொகுப்பை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. அவற்றில் இரண்டோ மூன்றோதான் கைக்கு வரும். மற்றவை இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். 18 முதல் 20 செ.மீ. அலகுள்ள பெரிய கத்தி ஒன்று, தோல் சீவுவதற்கும் நுண்ணிய வேலைக்கும் 8 முதல் 10 செ.மீ. அலகுள்ள சிறு கத்தி ஒன்று, ரொட்டி வெட்டும் வழக்கம் இருந்தால் பற்களுள்ள நீண்ட கத்தி ஒன்று ஆகியவை பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். மிச்சமாகும் பணத்தில் ஒரு நல்ல தீட்டுக்கல் வாங்குங்கள். தீட்டுக்கல் இல்லாத வீட்டில் உயர்ந்த கத்தியும் சில மாதங்களில் சாதாரணக் கத்தியாகிவிடும்.

பெரிய கத்தியை வாங்கும்போது கையில் பிடித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. பிடியை மட்டும் இறுகப் பற்றாமல், பெருவிரலாலும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டாலும் பிடிக்குச் சற்று முன்னே அலகையே கிள்ளிப் பிடித்து, மற்ற மூன்று விரல்களால் பிடியைச் சுற்றிக்கொள்ளுங்கள். தேர்ந்த சமையற்காரர்கள் பிடிப்பது இப்படித்தான். அலகு இப்படியும் அப்படியும் திரும்பாமல் கட்டுக்குள் நிற்கும். இந்தப் பிடிப்பில் முன்பக்கம் தொங்குவதாகவோ பின்பக்கம் இழுப்பதாகவோ தோன்றாத கத்தி உங்களுக்குப் பொருந்தும். பலகையின்மீது வைத்து நறுக்குவதுபோல் அசைத்தும் பாருங்கள். விரல் முட்டிகள் பலகையில் இடித்தால் அலகின் அகலம் உங்கள் கைக்குப் போதவில்லை என்று பொருள். அலகின் எஃகு பிடிக்குள் எவ்வளவு தூரம் செல்கிறது, பிடிக்கும் எஃகுக்கும் நடுவே நீரும் அழுக்கும் தேங்கும் இடைவெளி உள்ளதா என்பதையும் கவனியுங்கள். சில கத்திகளில் பிடிக்கு முன்னே உள்ள தடித்த எஃகுப் பகுதி வாய்வரை நீண்டிருக்கும். பார்ப்பதற்கு அது உறுதியாகத் தோன்றினாலும், வாயின் கடைசிப் பகுதியைக் கல்லில் தீட்ட முடியாமல் தடுக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல அங்கே ஒரு பள்ளம் விழும். ஆகவே அத்தகைய கத்தியைத் தவிர்ப்பதே நல்லது.

எஃகைப் பற்றி

இரும்போடு கார்பன் சேர்ந்தால் எஃகு. கார்பனின் அளவும், காய்ச்சித் தோய்த்துப் பதம் வைக்கும் முறையும் அதன் கடினத்தைத் தீர்மானிக்கின்றன. அதோடு ஏறத்தாழ 10.5 விழுக்காட்டுக்கு மேல் குரோமியம் சேரும்போது எஃகு துருவை எதிர்த்து நிற்கிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1913-இல் ஹாரி பிரியர்லி இத்தகைய எஃகை உருவாக்கியபோது, அதன் முதல் பயன்களில் ஒன்றாக அமைந்தது மேசைக் கத்திகளே. இன்று பரவலாக விற்கும் ஜெர்மானிய வகைக் கத்திகளில் ஏறத்தாழ அரை விழுக்காடு கார்பனும் 15 விழுக்காடு குரோமியமும் உள்ளன.

கடினத்தை ராக்வெல் அளவால் குறிக்கிறார்கள். ஜெர்மானிய வகைக் கத்திகள் பெரும்பாலும் 55 முதல் 58 வரையிலும், ஜப்பானிய வகைக் கத்திகள் 60-ஐ ஒட்டியும் அதற்கு மேலும் இருக்கும். எண் உயர உயர வாய் மெல்லியதாகத் தாங்கும். கூர்மை நெடுநாள் நிற்கும். ஆனால் கடினம் கூடும்போது எஃகு நொறுங்கும் தன்மையும் கூடுகிறது. கடினமான வாய் எலும்பில் பட்டால் சில்லாக உதிரும். மென்மையான வாய் மடங்கும். மடங்கியதை நிமிர்த்துவது எளிது, உதிர்ந்ததைச் சரிசெய்ய நிறைய எஃகைத் தேய்த்தாக வேண்டும். முதல் நல்ல கத்தியை வாங்குபவர்களுக்கு 56 முதல் 60 வரையுள்ள துருப்பிடிக்காத எஃகையே நான் பரிந்துரைப்பேன். குரோமியம் இல்லாத கார்பன் எஃகு மிக எளிதாகத் தீட்டப்படும், அருமையான வாயும் தரும். எனினும் நறுக்கி முடித்தவுடன் துடைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கே அது ஏற்றது. பயன்படுத்தப் பயன்படுத்த அதன்மேல் சாம்பலும் நீலமும் கலந்த ஒரு படலம் படியும். அது கத்திக்குக் காப்பு. தேய்த்து நீக்கக் கூடாது. செம்மஞ்சள் நிறத்தில் தோன்றும் துருவை மட்டும் உடனே நீக்க வேண்டும்.

அலகின்மீது நீரலைபோல் கோலங்கள் ஓடும் கத்திகள் கண்ணைக் கவரும். பெரும்பாலும் அந்தக் கோலம் வெளி அடுக்குகளில் மட்டுமே இருக்கிறது. வெட்டுவது நடுவில் உள்ள எஃகு. அது எந்த எஃகு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கோலத்துக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். பீங்கான் கத்திகள் துருப்பிடிக்கவே மாட்டா, கூர்மையும் நீண்ட நாள் நிற்கும். ஆனால் கீழே விழுந்தால் உடையும், சாதாரணக் கல்லில் தீட்டவும் இயலாது.

அன்றாடப் புழக்கம்

கத்தியை மழுங்கச் செய்வதில் காய்கறிகளைவிடப் பலகைக்கே பங்கு அதிகம். கண்ணாடி, கருங்கல், எவர்சில்வர், பீங்கான் ஆகியவற்றின்மீது வெட்டினால் ஒவ்வொரு வெட்டிலும் வாய் சற்றும் விட்டுக்கொடுக்காத கடினமான பரப்பில் மோதுகிறது. மரப்பலகையும் மென்மையான பிளாஸ்டிக் பலகையும் வாய்க்கு இதமானவை. நறுக்கியவற்றை ஒதுக்கித் தள்ளும்போது பெரும்பாலோர் வாயால் பலகையை வழித்துவிடுகிறார்கள். கத்தியைத் திருப்பி முதுகால் தள்ளினால் போதும். இந்தச் சிறு பழக்கம் ஒன்றே கூர்மையைப் பலநாள் கூட்டித்தரும் என்பதை நான் என் சமையலறையிலேயே கண்டிருக்கிறேன். உறைந்த இறைச்சி, எலும்பு, டப்பா மூடி ஆகியவற்றில் மெல்லிய கத்தியைப் பயன்படுத்தக் கூடாது. அலகு சிக்கிக்கொண்டால் பக்கவாட்டில் முறுக்காமல், வந்த வழியே நேராக வெளியே எடுங்கள்.

வேலை முடிந்ததும் வெதுவெதுப்பான நீரிலும் மென்மையான சோப்பிலும் கையால் கழுவி, முதுகுப் பக்கத்திலிருந்து துணியால் துடைத்து உலர்த்துங்கள். பாத்திரம் கழுவும் இயந்திரம் கத்திக்கு உகந்ததன்று: அதன் காரமான சோப்பும் வெப்பமும் எஃகில் புள்ளிகளையும் மரப்பிடியில் வெடிப்பையும் உண்டாக்கும், உள்ளே கத்தி மற்றப் பாத்திரங்களோடு மோதும். நுரை நிறைந்த தொட்டியில் கத்தியை ஊறவிடுவதோ கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் அலகின்மீது வேறொருவர் கைவிட வழிசெய்வதாகும். மேசை இழுப்பறையில் கரண்டிகளோடு போட்டு வைத்தாலும் இதே கதிதான். உறையிட்டோ, காந்தப் பட்டையில் ஒட்டியோ, மரத் தாங்கியில் செருகியோ வையுங்கள்.

தீட்டுதல்

இங்கே இரண்டு வேலைகளைப் பிரித்து அறிய வேண்டும். புழக்கத்தில் வாய் ஒரு பக்கமாகச் சாய்ந்து மடங்குகிறது. அதை நிமிர்த்துவது எஃகுக் கோலின் வேலை. வாய் உருண்டு தேய்ந்துவிட்டால் புதிய வாயை உருவாக்க வேண்டும். அது கல்லின் வேலை. கோலில் எவ்வளவு நேரம் தேய்த்தாலும் தேய்ந்துபோன வாய் மீளாது. ஜெர்மானிய வகைக் கத்தியைச் சில நாட்களுக்கு ஒருமுறை கோலில் இருபுறமும் நாலைந்து தடவை மெல்ல இழுத்தால் போதும். 60-க்கு மேற்பட்ட கடினமுள்ள கத்தியை வரிவரியான எஃகுக் கோலில் இழுத்தால் வாய் உதிரும் என்பதால் அந்தக் கோலைத் தவிருங்கள்.

ஒரே ஒரு கல் வாங்குவதானால் 1000 கிரிட் கல்லை வாங்குங்கள் (கிரிட் என்பது கல்லின் துகள் அளவைக் குறிக்கும் எண்; எண் கூடக் கூடக் கல் நயமாகும்). சில்லு உதிர்ந்த வாயைச் சரிசெய்ய 400 அல்லது அதற்குக் கீழான கரடுமுரடான கல்லும், மெருகேற்ற 3000 முதல் 6000 வரையுள்ள நயமான கல்லும் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். ஊறவைக்க வேண்டிய கல் என்றால் குமிழிகள் அடங்கும்வரை நீரில் இட்டு, நழுவாதபடி ஈரத்துணியின்மேல் வையுங்கள். அலகுக்கும் கல்லுக்கும் இடையிலான கோணம், ஜெர்மானிய வகைக்குப் பக்கத்துக்கு 18 முதல் 20 பாகையும், ஜப்பானிய வகைக்கு 15 பாகை அளவும் இருப்பது வழக்கம். கோணத்தைக் கண்ணால் அளப்பது கடினமாகத் தோன்றினால் முதுகின் உயரத்தைக் கணக்கிடுங்கள்: 4.5 செ.மீ. அகலமுள்ள அலகின் முதுகு கல்லிலிருந்து 1.2 செ.மீ. உயர்ந்திருந்தால் ஏறத்தாழ 15 பாகை, 1.5 செ.மீ. உயர்ந்திருந்தால் ஏறத்தாழ 20 பாகை. வாயோரத்தில் மார்க்கர் மையைப் பூசிவிட்டு இரண்டு தடவை தேய்த்துப் பார்ப்பது இன்னும் உறுதியான வழி. மை வாயின் நுனியில் மட்டும் அழிந்தால் முதுகை மிக உயர்த்தியிருக்கிறீர்கள்; நுனியில் தங்கி மேலே அழிந்தால் மிகத் தாழ்த்தியிருக்கிறீர்கள்.

ஒரு பக்கத்தை அதே கோணத்தில் வைத்து, விரல்களின் மெல்லிய அழுத்தத்துடன் பகுதி பகுதியாகத் தேய்த்துக்கொண்டே போகும்போது, மறுபக்கத்தில் வாய் நெடுகிலும் ஒரு பிசிறு எழும். முதுகிலிருந்து வாயை நோக்கிப் பெருவிரலை மெல்ல நகர்த்தி, வாயைத் தாண்டி வெளியே எடுத்தால் அது விரலில் தட்டுப்படும். வாயின் நீளவாட்டில் விரலை ஒருபோதும் ஓட்டக் கூடாது. தொடக்கநிலையில் பெரும்பாலோர் தவறுவது இந்த இடத்தில்தான். பிசிறு அடியிலிருந்து நுனிவரை எழுவதற்கு முன்பே பக்கத்தை மாற்றிவிடுவதால், எத்தனை நேரம் உழைத்தும் கத்தி வெட்டுவதில்லை. பிசிறு முழுவதும் எழுந்த பிறகு மறுபக்கத்தையும் அப்படியே தீட்டி, அதன்பின் அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்துப் பக்கம் மாற்றி மாற்றி இழுத்தால் பிசிறு உதிரும். கடைசியாகத் தோல்பட்டையிலோ தடித்த தாளிலோ வாய் பின்னால் வரும்படி சில தடவை இழுத்து மீதியையும் நீக்குங்கள். தொங்கவிட்ட தாளைக் கத்தி இடறாமல் அறுத்தால் வேலை முடிந்தது. ஓரிடத்தில் இடறினால் அந்த இடத்தில் பிசிறு மிஞ்சியிருக்கிறது அல்லது வாய் இன்னும் உருவாகவில்லை.

கல்லும் தேயும்; நடுவில் பள்ளம் விழுந்த கல்லில் கோணம் நிற்காது. தட்டையான பரப்பில் பதித்த கரடான உப்புத்தாளில் அவ்வப்போது தேய்த்துச் சமப்படுத்துங்கள்.

வேகமாகச் சுழலும் மின்சாரச் சாணையில் கத்தியைக் கொடுக்க நேர்ந்தால் நீர் ஊற்றித் தீட்டுகிறார்களா என்று முதலில் பாருங்கள். நான் மிக விரும்பிய கத்தி ஒன்றை அப்படிக் கொடுத்துவிட்டு, திரும்பப் பெற்றபோது வாயோரத்தில் நீலக் கறை படிந்திருந்ததைக் கண்டு வருந்தினேன். எஃகு ஏறத்தாழ 300 பாகை செல்சியஸ்வரை சூடேறியதற்கு அந்த நிறமே அடையாளம். பதம் போய்விட்ட அந்தப் பகுதி, எவ்வளவு தீட்டியும் இரண்டு நாளில் மழுங்கியது. அந்த எஃகு முழுவதும் கல்லில் தேய்ந்து நீங்கும்வரை அந்தக் கத்தி பழைய நிலைக்கு வரவில்லை.

பல ஆண்டுகள் தீட்டிய கத்தியில் வேறொரு மாற்றம் வரும். வாய் மெல்ல மெல்ல முதுகை நோக்கி நகர்வதால், அலகின் தடித்த பகுதிக்கு வந்து சேர்கிறது. அப்போது தாளை அறுக்கும் கத்தியே கேரட்டை நறுக்கும்போது ஆப்புபோல் பிளக்கும். வாயைத் தீட்டுவதால் இது தீராது. அலகைக் கல்லின்மீது ஏறத்தாழப் படுக்கவைத்து, வாய்க்கு மேலுள்ள பகுதியைக் கரடான கல்லில் இருபுறமும் தேய்த்து மெலியவைத்த பிறகே, வழக்கமான கோணத்தில் மறுபடி வாய் வைக்க வேண்டும்.