பார்வையாளர்களைப் பிரித்த ஓர் அத்தியாயத்தை எடைபோடுவது எப்படி: ‘லவ் அண்ட் மான்ஸ்டர்ஸ்’

காலத்திலும் விண்வெளியிலும் பயணிக்கும் ‘டாக்டர்’ என்ற நாயகனைப் பற்றிய பி.பி.சி.யின் ‘டாக்டர் ஹூ’ தொடரை விரும்பிப் பார்ப்பவர்கள் நடுவில் ‘லவ் அண்ட் மான்ஸ்டர்ஸ்’ என்ற அத்தியாயத்தின் பெயரைச் சொன்னால், ஒருவர் அதைத் தொடருக்கு நேர்ந்த அவமானம் என்பார். பக்கத்தில் இருப்பவரோ, ரசிகர்களைப் பற்றி அந்தத் தொடர் இவ்வளவு பரிவோடு வேறெங்கும் பேசியதில்லை என்பார். ரஸ்ஸல் டி. டேவிஸ் எழுதி டான் ஸெஃப் இயக்கிய இந்த அத்தியாயம் 2006 ஜூன் 17 அன்று ஒளிபரப்பானது. இரு தரப்பையும் கேட்டுவிட்டு நடுவில் ஒரு மதிப்பெண்ணைப் போட்டு வைப்பது எளிது, ஆனால் அது தீர்ப்பாகாது. வழக்கத்துக்கு மாறான ஓர் அத்தியாயத்தை எப்படிப் பார்ப்பது, அதைப் பற்றிய முரண்பட்ட கருத்துகளை எப்படிப் பிரித்தறிவது, சொந்த முடிவை எப்படி எழுதுவது என்பதை இந்த ஒன்றையே வைத்து விளக்குகிறேன். கதையின் முடிவும் இதில் பேசப்படும் என்பதால், பார்க்காதவர்கள் முதலில் பார்த்துவிட்டு வருவது நல்லது.

தனியாக எடுத்து இதை மட்டும் பார்க்க வேண்டாம் என்பதே முதல் விதி. ‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது தொடர்களுக்குப் பெரும்பாலும் பொருந்தும். இங்கே பொருந்தாது, ஏனெனில் நாம் கையில் எடுத்திருப்பது அந்தப் பானையில் வேறு விதமாக வெந்த ஒரு பருக்கை. எனவே அதற்கு முன்னால் வந்த ‘தி இம்பாசிபிள் பிளானட்’, ‘தி சாத்தான் பிட்’ என்ற இரண்டையும் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். கருந்துளையைச் சுற்றும் ஒரு கோளில், மனிதர்கள் ஒருவர்பின் ஒருவராக இறக்க, சாத்தானையே எதிர்கொள்ளும் இருண்ட கதை அது. 2006-இல் அதைப் பார்த்து முடித்த பார்வையாளர்கள் ஒரு வாரம் கழித்து மீண்டும் தொலைக்காட்சி முன் அமர்ந்தபோது கண்டது, டாக்டரும் அவருடைய பயணத் தோழி ரோஸும் நீண்ட நடைவழியில் ஒரு கதவு வழியாக ஓடி மறு கதவு வழியாக வெளிவந்து, வாளியை மாற்றி ஊற்றி, ஒரு விசித்திர உயிரியோடு ஓடிப்பிடித்து விளையாடும் காட்சியை. அந்த அதிர்ச்சியில் எவ்வளவு அத்தியாயத்தின் குற்றம், எவ்வளவு வரிசையின் விளைவு என்பதை இப்படிப் பார்த்தால்தான் உணர முடியும்.

பார்க்கும்போது பக்கத்தில் ஒரு தாளை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மனம் கதையோடு ஒட்டிய இடத்தையும் விலகிய இடத்தையும் நிமிடக் கணக்கோடு குறியுங்கள். காரணம் எழுத வேண்டாம். பிறருடைய கருத்துகளைப் படிப்பது அதற்குப் பிறகுதான். முதலிலேயே படித்துவிட்டால் நீங்கள் சிரித்த இடத்துக்கே பின்னர் வெட்கப்படத் தொடங்குவீர்கள்.

அடுத்து, இந்த அத்தியாயம் ஏன் இப்படி இருக்கிறது என்பதற்கான தயாரிப்புக் காரணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த ஆண்டு பதின்மூன்று அத்தியாயங்களோடு ஒரு கிறிஸ்துமஸ் சிறப்பு அத்தியாயத்தையும் சேர்த்துப் பதினான்கு எடுக்க வேண்டியிருந்தது, ஆனால் படப்பிடிப்புக்கான நாட்கள் போதவில்லை. முதன்மை நடிகர்கள் வேறு கதையில் நடித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு குழு இந்தக் கதையைப் படமாக்குவது என்று முடிவானது. அதனால் டாக்டராக நடித்த டேவிட் டென்னன்ட்டும் ரோஸாக நடித்த பில்லி பைப்பரும் தொடக்கத்திலும் இறுதியிலும் சில நிமிடங்களே வருகிறார்கள். கதையைச் சுமப்பவர் மார்க் வாரன் நடித்த எல்டன் போப் என்ற சாதாரண லண்டன் இளைஞர். சிறு வயதில் ஓர் இரவு தன் வீட்டில் டாக்டரைப் பார்த்தவர். அவர் யார் என்று தேடுபவர். தேடிய கதையைக் காணொளிக் கருவி முன் அமர்ந்து நம்மிடம் சொல்பவர். இந்தக் காரணம் அத்தியாயத்தை மன்னிப்பதற்கான சான்றிதழ் அல்ல. எந்தத் தேர்வு கட்டாயத்தால் வந்தது, எது எழுத்தாளர் விரும்பிச் செய்தது என்று பிரிக்கவே அது பயன்படும். டாக்டர் இல்லாதது கட்டாயம். கேலிச்சித்திரத் தொனி விருப்பம்.

கருத்துகளைப் படிக்கத் தொடங்கும்போது ‘பிடித்தது’, ‘பிடிக்கவில்லை’ என்று இரு கட்டாகக் கட்டாதீர்கள். ஒரே மாதிரி கோபப்படும் நால்வர் நான்கு வெவ்வேறு காரணங்களுக்காகக் கோபப்படுகிறார்கள். நாயகன் இல்லை என்பது ஒருவருடைய குறை. பீட்டர் கே நடித்த, பச்சை உடலோடு மனிதர்களை உறிஞ்சிக்கொள்ளும் அப்சார்பலாஃப் என்ற உயிரி சிரிப்பூட்டுவதாகவும் இல்லை, அச்சமூட்டுவதாகவும் இல்லை என்பது இன்னொருவருடைய குறை. ரசிகர்களைக் கேலி செய்துவிட்டார்கள் என்று மூன்றாமவர் நினைக்கிறார். நான்காமவருக்கு எல்லாம் சரிதான், கடைசி இரண்டு நிமிடம் மட்டும் சகிக்கவில்லை. இவற்றை ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும்.

முதல் குறையைச் சோதிக்க ஒப்பீடு கைகொடுக்கிறது. அடுத்த ஆண்டு, 2007 ஜூன் 9 அன்று, இதே நெருக்கடியிலிருந்து பிறந்த ‘பிளிங்க்’ ஒளிபரப்பானது. அதிலும் டாக்டர் அரிதாகவே வருகிறார். அதிலும் ஒரு சாதாரணப் பெண்ணே கதையை நடத்துகிறாள். அதிலும் பதிவு செய்யப்பட்ட காணொளி கதையின் மையத்தில் இருக்கிறது. ஸ்டீவன் மோஃபட் எழுதிய அந்த அத்தியாயம் 2008-இல் அறிவியல் புனைகதைகளுக்கான ஹியூகோ விருது பெற்றது. தொடரின் தலைசிறந்த அத்தியாயங்களுள் ஒன்றாக இன்றும் பேசப்படுகிறது. ஆகவே ‘டாக்டர் இல்லாததால் கெட்டது’ என்ற வாதம் அப்படியே நிற்காது. ‘பிளிங்க்’ அச்சமூட்டும் கதை என்ற ஒரே பாதையில் பிசகாமல் செல்கிறது. ‘லவ் அண்ட் மான்ஸ்டர்ஸ்’ கூத்து, காதல், துயரம், மீண்டும் கூத்து என்று தாவுகிறது. சிக்கல் அந்தத் தாவலில் இருக்கிறதா என்பதுதான் உண்மையான கேள்வி.

உயிரியைப் பற்றிய குறையில் ஒரு செய்தியைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்சார்பலாஃபை வடிவமைத்தது ஒன்பது வயதுச் சிறுவன். ‘ப்ளூ பீட்டர்’ என்ற குழந்தைகள் நிகழ்ச்சி நடத்திய போட்டிக்கு வந்த ஆயிரக்கணக்கான ஓவியங்களிலிருந்து அது தேர்ந்தெடுக்கப்பட்டது. அந்தச் சிறுவனின் கற்பனையில் அது இரண்டடுக்குப் பேருந்து அளவுக்குப் பெரியது. திரையில் அது ரப்பர் உடை அணிந்த ஒரு மனிதராகச் சுருங்கிவிட்டது. எனவே ‘குழந்தை வரைந்தது, விட்டுவிடுவோம்’ என்ற சமாதானமும் சரியன்று, ‘குழந்தையிடம் கேட்டால் இப்படித்தான்’ என்ற ஏளனமும் சரியன்று. விழுங்கப்பட்டவர்களின் முகங்கள் உடலெங்கும் புடைத்துப் பேசிக்கொண்டிருக்கும் என்ற எண்ணம் உண்மையிலேயே கொடூரமானது. அதை நகைச்சுவையாக நடத்தியது பெரியவர்கள்.

மூன்றாவது குறையில் அதிக நேரம் செலவிடுங்கள், ஏனெனில் பிளவின் வேர் அங்கேதான் இருக்கிறது. டாக்டரைத் தேடும் ஐந்து பேர் ‘லிண்டா’ என்ற பெயரில் ஓர் அடித்தள அறையில் கூடுகிறார்கள். நாளடைவில் தேடல் பின்னுக்குப் போய்விடுகிறது: ஒருவர் தின்பண்டம் செய்துவருகிறார், ஒருவர் தான் எழுதும் நாவலைப் படித்துக் காட்டுகிறார், காணாமல்போன மகளைத் தேடிவந்த ஒரு தாய் தன் துயரத்தைச் சொல்கிறார், எல்லோரும் சேர்ந்து எலெக்ட்ரிக் லைட் ஆர்க்கெஸ்ட்ரா குழுவின் பாடல்களை வாசிக்கிறார்கள். பிறகு விக்டர் கென்னடி என்பவர் (மனித வேடமிட்ட அப்சார்பலாஃப்) வந்து, ஆட்டம் பாட்டத்தை நிறுத்தி, ஆளுக்கொரு வேலையைக் கொடுத்து, தேடலை ஒழுங்குபடுத்துகிறார். ஆட்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். எந்த ரசிகர் மன்றத்திலும் சில காலம் இருந்தவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. தன்னை அந்த ஐவரில் ஒருவராகக் கண்டவர்களுக்கு இது பரிவாகவும், தன்னைப் பார்த்துத் தொடரே சிரிக்கிறது என்று உணர்ந்தவர்களுக்கு இது குத்தலாகவும் படுகிறது. ஒரு கருத்தைப் படிக்கும்போது, அதை எழுதியவர் அந்த அறையில் எந்த நாற்காலியில் அமர்ந்து பார்த்தார் என்று கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

ஆதரவு வாதங்களையும் இதே கண்டிப்போடு சோதிக்க வேண்டும். ‘இது எல்டன் சொல்லும் கதை, அவர் நினைவில் எல்லாம் மிகைப்பட்டிருக்கிறது, ஆகவே தொடக்கத்துக் கூத்தைக் குறை சொல்ல முடியாது’ என்பது அடிக்கடி வரும் வாதம். எனக்கும் அது கவர்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் எல்டன் அறையை விட்டுப் போன பின், லிண்டா குழுவின் திரு. ஸ்கின்னர் கென்னடியிடம் தனியாக அகப்படும் இடத்தைப் பாருங்கள். எல்டன் காணாத ஒன்றை நாம் காண்கிறோம். சொல்பவரின் பார்வை என்ற விதியை அத்தியாயமே முழுதாகப் பின்பற்றவில்லை என்றால், அந்த விதியைக் காட்டி எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது.

எதிர்ப்பவர்கள்கூடப் பெரும்பாலும் கைவைக்காத பகுதி ஒன்று உண்டு. அதைத் தேடிக் குறித்துவைப்பது பயனுள்ளது. ரோஸ் வழியாக டாக்டரைக் கண்டுபிடிக்க, அவளுடைய தாய் ஜாக்கியோடு எல்டன் திட்டமிட்டுப் பழகுகிறார். சலவை நிலையத்தில் தொடங்கும் அந்தப் பழக்கத்தில், மகள் எங்கோ விண்வெளியில் இருக்க, தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் காத்திருக்கும் ஒரு பெண்ணின் தனிமை வெளிப்படுகிறது. எல்டனின் உடையில் மகளின் புகைப்படத்தைக் கண்டெடுத்ததும், தன்னைத் தேடி யாரும் வரவில்லை என்று அவள் புரிந்துகொள்கிறாள். கமீல் கோடூரி இதைவிடச் சிறப்பாக அந்தத் தொடரில் நடித்ததில்லை என்பது என் எண்ணம். நாயகன் இல்லாத அத்தியாயத்தில் மட்டுமே இந்தக் காட்சிக்கு இடம் கிடைத்திருக்கும். மூன்று வாரம் கழித்து, ஜூலை 8 அன்று வந்த ‘டூம்ஸ்டே’யில் இந்தக் குடும்பத்துக்கு நேர்வதற்கு இது கனம் சேர்க்கிறது.

இறுதிக் காட்சிக்கு வருவோம். விழுங்கப்பட்ட லிண்டா குழுவினருள் ஒருவரான, ஷெர்லி ஹென்டர்சன் நடித்த உர்சுலாவை டாக்டர் ஒரு நடைபாதைக் கல்லில் முகமாக மட்டுமே மீட்கிறார். அவளும் எல்டனும் சேர்ந்து வாழ்கிறார்கள். தங்களுக்குள் தாம்பத்தியமும் ஓரளவு உண்டு என்று எல்டன் நாணத்தோடு சொல்கிறார். இங்கே ‘அருவருப்பு’ என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடாதீர்கள். குழந்தைகளும் பார்க்கும் சனிக்கிழமை மாலை நிகழ்ச்சியில் அந்த நகைச்சுவை தேவையா என்பது ஒரு கேள்வி. அந்த நிலையில் வாழ உர்சுலாவின் விருப்பத்தை யாராவது கேட்டார்களா என்பது வேறொரு கேள்வி. எனக்கு இரண்டாவதே பெரிதாகத் தெரிகிறது.

சில வாரங்கள் இடைவெளி விட்டு, முடிந்தால் வீட்டுக் குழந்தை ஒன்றையும் அருகில் உட்காரவைத்து, இரண்டாம் முறை பாருங்கள். பழைய தாளில் குறித்த நிமிடங்களில் எவை மாறின என்று ஒப்பிட்டபின், இரண்டு மூன்று வாக்கியங்களில் உங்கள் முடிவை எழுதுங்கள்; ‘மொக்கை’, ‘அருமை’ போன்ற சொற்களுக்குப் பதிலாக ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு காட்சி இருக்கட்டும். என்னுடைய தாளில் இப்போது இருப்பது இதுதான்: “லிண்டா அறையும் ஜாக்கியின் வீடும் இந்தத் தொடரில் நான் மறுபடி மறுபடி போய்ப் பார்க்கும் இடங்கள். கென்னடி தன் உண்மை உருவைக் காட்டிய நொடியிலிருந்து, விழுங்கப்பட்டவர்களுக்காக அழ விடாமல் கதை என்னைச் சிரிக்கச் சொல்கிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.”