சர்க்கரை உள்ளவர் கண் டாக்டரைப் பார்க்கப் போகிறார்: முந்தின வாரத்திலிருந்து ராத்திரி ஊசி வரை

சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்ததும் கண்ணைக் காட்டிவிட வேண்டும். பார்வை மங்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. டைப் 2 என்றால் கண்டுபிடித்தவுடனேயே முதல் பரிசோதனை, ஏனென்றால் ரத்தத்தில் சர்க்கரை ஏறிப் பல வருடம் கழித்துத்தான் பலருக்கு அது தெரியவருகிறது. டைப் 1 என்றால் வந்து 5 வருடத்துக்குள். ஏற்கெனவே சர்க்கரை உள்ள பெண் கருவுற்றால் முதல் 3 மாதத்துக்குள். அதன் பிறகு வருடத்துக்கு ஒரு முறை, டாக்டர் சொன்னால் அதற்கு முன்பும். கண்ணின் உள்பக்கத் திரையான விழித்திரையில் ரத்தம் கசிய ஆரம்பித்தாலும், நடுப்பகுதியான மேக்குலாவைத் தொடாத வரை எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை படிக்க முடியும். "எனக்குத்தான் நல்லா தெரியுதே" என்பதை நம்பி வருடங்களை ஓட்டியவர்கள்தான் பார்வையை இழக்கிறார்கள்.

கண்ணாடிக் கடையில் செய்யும் கம்ப்யூட்டர் டெஸ்ட் இதற்குப் போதாது. அது பவர் மட்டும் சொல்லும். இங்கே சொல்வது, சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை (கருவிழி நடுவில் உள்ள துளை) விரித்து விழித்திரையைப் பார்க்கும் முழுப் பரிசோதனைக்கு.

படி 1: நாளும் நேரமும்

காலை முதல் டோக்கன்தான் வாங்க வேண்டும். சாயங்கால கிளினிக் வசதியாகத் தோன்றும். ஆனால் சொட்டு மருந்தின் வேலை 4 முதல் 6 மணி நேரம் வரை, சிலருக்கு அதற்கு மேலும் நிற்கும். காலை 10 மணிக்கு விட்டால் சாயங்காலத்துக்குள் தெளிந்துவிடும். சாயங்காலம் 6 மணிக்கு விட்டால் ராத்திரி இன்சுலின் போடும் நேரத்தில் கண் மங்கலாக இருக்கும். ஊசி போட்டுக்கொள்பவர்கள், அதிலும் தனியாக இருப்பவர்கள், சாயங்கால நேரத்தை வாங்கவே வேண்டாம்.

இங்கேயே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். சர்க்கரை ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்போது கண் லென்ஸின் நீர்ச்சத்தும் மாறும், அதோடு பவரும் மாறும். சர்க்கரை ஏறும்போது பெரும்பாலும் மைனஸ் பக்கம் (கிட்டப்பார்வைப் பக்கம்) போகும். வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டவர் திடீரென்று கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்கிறார் என்றால் கண் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. அன்றைக்கே சர்க்கரையைப் பாருங்கள். மருந்து தொடங்கி அளவு சட்டென இறங்கினால் பவர் எதிர்ப்பக்கம் நகரும். அந்த நேரத்தில் எழுதி வாங்கிய கண்ணாடி சில வாரங்களில் பொருந்தாமல் போகிறது. கடைக்காரர் மேல் தப்பில்லை. அதனால் விழித்திரைப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம், புதுக் கண்ணாடி ஆர்டரை மட்டும் தள்ளிப்போடுங்கள். சர்க்கரை ஒரு மாதமாவது ஒரே நிலையில் நின்ற பிறகு மறுபடியும் பவர் பார்த்து வாங்கினால் காசு வீணாகாது.

படி 2: ஒரே ஒரு தாள்

போனில் போட்டோ எடுத்து வைத்திருப்பதைவிட ஒரு வெள்ளைத்தாள் மேல். சொட்டு விட்ட பிறகு போன் எழுத்து உங்களுக்குத் தெரியாது, டாக்டருக்கும் ஒவ்வொன்றாகத் தள்ளித் தேட நேரம் இருக்காது. பெரிய எழுத்தில் எழுதுங்கள்: சர்க்கரை எந்த வருடம் தெரிந்தது, கடைசி மூணு மாசச் சர்க்கரை அளவு (எச்பிஏ1சி) தேதியோடு, கடைசி பிரஷர், கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை), வீட்டில் யாருக்காவது கண் நீர் அழுத்தம் (கிளாக்கோமா) உண்டா என்பது.

மாத்திரைப் பெயர்களை எழுதுவதோடு நிறுத்தாமல் அட்டைகளையே ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். கண்ணுக்குச் சம்பந்தமில்லை என்று பலர் சொல்லாமல் விடும் மருந்துகள் உண்டு. பிராஸ்டேட்டுக்குத் தரும் டாம்சுலோசின், பின்னால் கண்புரை அறுவை சிகிச்சை செய்யும்போது கருவிழிப்படலத்தைத் தொளதொளவென்று ஆக்கும். நிறுத்தி நாளானாலும் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு கண் அழுத்தத்தை ஏற்றும், புரையையும் வரவழைக்கும். மூட்டுவலிக்கான ஹைட்ராக்சிகுளோரோகுயின் விழித்திரையைத் தாக்கலாம். காசநோய்க்கான எதாம்பியூடால் பார்வை நரம்பைத் தாக்கலாம். பயோகிளிட்டசோன் உடம்பில் நீர் கோக்க வைக்கும், மேக்குலா வீக்கம் உள்ளவர்களிடம் டாக்டர் அதைக் கேட்பார். எதையும் நீங்களாக நிறுத்திவிட்டுப் போக வேண்டாம்.

பழைய கண்ணாடிகள் அத்தனையும், உடைந்தது உட்பட, பையில் இருக்கட்டும். லென்ஸில் உள்ள பவரைக் கருவியில் வைத்து ஒரு நிமிடத்தில் படித்துவிடுவார்கள்.

படி 3: புறப்படும் காலை

வெறும் வயிற்றோடு போகக் கூடாது. ரத்தப் பரிசோதனைப் பழக்கத்தில் பலர் இந்தத் தப்பைச் செய்கிறார்கள். மாத்திரையோ ஊசியோ போட்டுவிட்டுச் சாப்பிடாமல் மூன்று மணி நேரம் வரிசையில் உட்கார்ந்தால் சர்க்கரை சரிந்துவிடும். வழக்கமான டிபன், வழக்கமான சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை. கையில் பிஸ்கட்டும், ஒரு பொட்டலத்தில் 3 டீஸ்பூன் சீனியும், தண்ணீரும். கை நடுங்கி வியர்த்தால் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி அளவு பாருங்கள்.

கண் மை வேண்டாம். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அன்று கண்ணாடியோடு போகட்டும். கண்ணழுத்தத்துக்கு ஏற்கெனவே சொட்டு விடுபவர்கள், வேறு மாதிரி சொல்லப்படாவிட்டால், வழக்கமான நேரத்தில் விட்டுவிட்டுப் போக வேண்டும். துணைக்கு ஒருவர் கட்டாயம். ஸ்கூட்டரை வீட்டில் விட்டுவிடுங்கள்.

வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடியோடு விளிம்பு வைத்த தொப்பியும் குடையும் நல்லது. ஏற்கெனவே பவர் கண்ணாடி போட்டவருக்கு இன்னொன்றை மாட்டுவது சிரமமென்றால் தொப்பியும் குடையுமாவது இருக்கட்டும்.

படி 4: சொட்டு

வரிசை முக்கியம். முதலில் பலகை, பவர், கண் அழுத்தம், பாப்பா வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா என்பது. இதெல்லாம் முடிந்த பிறகுதான் சொட்டு. யாராவது பலகை பார்ப்பதற்கு முன்பே சொட்டு விட வந்தால், "இன்னும் பவர் பார்க்கலை" என்று சொல்லிவிடுங்கள்.

பெரும்பாலும் டிராபிகமைடும் ஃபினைல்எஃப்ரினும் கலந்த மருந்து விடுவார்கள். இரண்டாவது மருந்து பிரஷரை ஏற்றக்கூடியது. பிரஷர் கட்டுக்குள் இல்லாதவர், இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர், சமீபத்தில் மாரடைப்பு வந்தவர், சொட்டு விடுபவரிடமே அதைச் சொல்ல வேண்டும். அந்த மருந்து இல்லாத சொட்டும் இருக்கிறது.

கொஞ்ச நேரம் எரியும். கசக்காமல் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தை விரலால் ஒன்றிரண்டு நிமிடம் லேசாக அழுத்திக்கொள்ளுங்கள். மருந்து மூக்கு வழியாக இறங்கி உடம்பில் சேருவது குறையும், தொண்டையில் கசப்பும் வராது. பாப்பா விரிய 20 முதல் 30 நிமிடம் ஆகும். நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாப்பா சோம்பலாகத்தான் விரியும், இரண்டு மூன்று தடவை விட வேண்டி வரும். பக்கத்தில் இருந்தவர் உள்ளே போய்விட்டார், நம்மை மறந்துவிட்டார்கள் என்று எழுந்து போய்விடாதீர்கள். அரைகுறையாக விரிந்த பாப்பா வழியாகப் பார்த்தால் விழித்திரையின் ஓரம் தெரியாது, புதுசாக முளைக்கும் கெட்ட ரத்தக்குழாய் தப்பிவிடும்.

படி 5: டாக்டர் முன்னால்

மூன்று விஷயத்தைத் தாளில் எழுதி வாங்குங்கள். ஒன்று, எந்தக் கட்டம்: என்பிடிஆர் (சர்க்கரையால் விழித்திரை கெட்டும் புதுக் குழாய்கள் முளைக்காத கட்டம்) என்றால் ஆரம்பம், நடுத்தரம், தீவிரம் இதில் எது, பிடிஆர் (அதற்கு அடுத்த கட்டம்) என்றால் புதுக் குழாய்கள் முளைத்துவிட்டன, சிகிச்சையைத் தள்ளக் கூடாது. இரண்டு, மேக்குலாவில் வீக்கம் உண்டா. மூன்று, அடுத்த முறை எந்த மாதம். "பயப்பட ஒண்ணுமில்லை" என்பதை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தால் அடுத்த வருடம் ஒப்பிட எதுவும் இருக்காது.

விழித்திரையின் அடுக்குகளை ஒளியால் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேனுக்கு ஊசி கிடையாது. கையில் சாயம் ஏற்றி எடுக்கும் ஆஞ்சியோகிராம் என்றால் கொஞ்ச நேரம் குமட்டலாம், ஒரு நாள் போலச் சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகும். அது சாயம்தான்.

படி 6: வீடு திரும்பிய பிறகு

படிக்கட்டு விளிம்பு கூச்சத்தில் தெரியாது, கைப்பிடியைப் பிடித்து இறங்குங்கள். ஆனால் பெரிய ஆபத்து சமையலறை மேசையில் இருக்கிறது. சிவப்பு மூடி இன்சுலின் சிரிஞ்ச் ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள மருந்துக்கு, ஆரஞ்சு மூடி ஒரு மில்லியில் 100 யூனிட் உள்ள மருந்துக்கு. மங்கலான கண்ணோடு 100 யூனிட் குப்பியைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். கோடுகளும் மயிரிழைக்கு ஒன்றாக இருக்கும். அன்றைக்கு அந்த ஒரு வேளை ஊசிக்காவது, கண் தெளிவாக உள்ள ஒருவர் குப்பியின் பெயரையும் கோட்டையும் வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்கட்டும். இன்சுலின் பேனா வைத்திருப்பவர்களும் எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள்.

அன்று ராத்திரி கண் சிவந்து, கடும் வலி, தலைவலி, வாந்தி, பல்பைச் சுற்றி வானவில் வளையம் என்று வந்தால் அது பித்தம் இல்லை. கண் அழுத்தம் திடீரென்று ஏறியிருக்கலாம். விடியும் வரை காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

பின்சேர்க்கை: "சொட்டை வீட்டிலேயே விட்டுக்கொண்டு போனால் காத்திருப்பு மிச்சமாகுமே?" என்று கேட்டிருக்கிறார்கள். வேண்டாம். கண்ணின் முன்பக்கக் கோணம் குறுகலாக இருக்கிறதா என்று டார்ச்சிலும் ஸ்லிட் லேம்பிலும் (கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் விளக்குக் கருவி) பார்த்த பிறகுதான் விட வேண்டும். மேலே சொன்ன அழுத்தம் வருவது அந்தக் குறுகல் உள்ளவர்களுக்குத்தான்.

இன்னொன்று: டோக்கன் அடுத்த வாரம்தான் கிடைத்தது, அதற்குள் ஒரு கண்ணில் கறுப்புப் புள்ளிகள் கூட்டமாக மிதக்கின்றன, அல்லது திரை விழுந்த மாதிரி இருக்கிறது, மின்னல் வெட்டுகிறது என்றால் டோக்கன் தேதியைப் பார்க்க வேண்டாம். அன்றே போய், வாசலில் இருப்பவரிடம் இந்த அறிகுறியை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.