திருவிழாக் கரையில் ஃப்ளைபோர்டு: எழும்புவதற்கு முன் விழப் பழகுங்கள்

கடற்கரைத் திருவிழாவில் ஒருவர் தண்ணீரைக் காலால் பீய்ச்சிக்கொண்டு பனை உயரத்துக்கு எழும்பினால் கரையே ஆர்ப்பரிக்கும். அதைப் பார்த்துவிட்டு எப்படித் தொடங்குவது என்று கேட்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

ஃபிரெஞ்சு ஜெட் ஸ்கீ வீரர் ஃபிராங்கி சபாட்டா 2011-ல் உருவாக்கிய கருவி இது. தண்ணீரில் ஓடும் ஸ்கூட்டர் மாதிரியான ஜெட் ஸ்கீயின் பம்ப் பின்பக்கம் தள்ளும் தண்ணீரை, சுமார் 18 மீட்டர் நீளமுள்ள தடித்த குழாய் வழியாக உங்கள் காலடிப் பலகைக்குத் திருப்பிவிடுகிறார்கள். அது கீழே பாயும் விசைதான் ஆளைத் தூக்குகிறது. பயிற்சிக் காலத்தில் ஆக்ஸிலேட்டர் உங்கள் கையில் இல்லை, ஜெட் ஸ்கீயில் இருப்பவர் கையில் இருக்கிறது. ஆகவே, முதல் படி பழக்கமுள்ள, பொறுமையான ஒரு பயிற்சியாளரைப் பிடிப்பது. தனியாக ஆரம்பிக்கவே கூடாது.

அடுத்தது இடம். 4 மீட்டர் ஆழமாவது வேண்டும், அடியில் பாறை இருக்கக் கூடாது. கன்னியாகுமரி முக்கடல் பக்கம் பாறையும் இழுப்பும் அதிகம், அங்கே வேண்டாம். தெப்பக்குளமும் சரிப்படாது, சுற்றிலும் கற்படி. காயல் மாதிரி அமைதியான தண்ணீர் நல்லது. ஆனால் அங்கேயும் எல்லா இடமும் ஆழமில்லை. வள்ளக்காரர்களிடம் கேட்டு, கயிற்றில் கல் கட்டி இறக்கி அளந்து பாருங்கள். கடலென்றால் ஆனி, ஆடியில் இறங்காதீர்கள். வானம் தெளிவாக இருக்கிற நாளிலும் கள்ளக்கடல் (சொல்லாமல் கொள்ளாமல் எழும் பேரலை) எச்சரிக்கை வந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் இறுக்கமாகப் போட்டபின் தண்ணீரில் குப்புறப் படுங்கள். விசை வந்ததும் கையை முன்னால் நீட்டி ஜெட் ஸ்கீயை விட்டு விலகிப் போங்கள். அப்புறம் பாதத்தை மெல்லக் கீழே திருப்பினால் உடம்பு தானாக நிமிரும். முழங்கால் மடங்கக் கூடாது. எல்லாரும் செய்கிற தப்பு, காலைக் குனிந்து பார்ப்பது. பார்த்த நொடியில் சாய்ந்துவிடுவீர்கள். தூரத்துத் தென்னை ஒன்றில் கண்ணை வையுங்கள். பெருவிரலை அழுத்தினால் முன்னே போகும், குதிகாலை அழுத்தினால் பின்னே வரும்.

முதல் நாள் முழுக்க ஒரு மீட்டருக்கு மேல் போகாமல் விழுந்து பழகுங்கள். நிலை தவறியதும் சமாளிக்கப் போராட வேண்டாம். இரு கையையும் சேர்த்துத் தலைக்கு மேல் நீட்டி, தாடையை நெஞ்சோடு ஒட்டி, முன்பக்கமாகச் சாய்வாகப் பாயுங்கள். முதுகோ வயிறோ தட்டையாக அடிபட்டால் கொஞ்ச உயரத்திலிருந்து விழுந்தாலே மூச்சடைத்துவிடும். நீங்கள் சாய்வதைக் கண்டதும் பயிற்சியாளர் விசையைக் குறைக்க வேண்டும். ஜெட் ஸ்கீக்கு மேலே மட்டும் ஒருபோதும் மிதக்காதீர்கள்.

இது கைவந்தபின் நின்ற இடத்தில் சுழல்வது, அப்புறம் டால்பின் மாதிரி மூழ்கி எழுவது. பின்குட்டிக்கரணம் வெகுநாள் கழித்துத்தான். ஒரே பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தால் குழாய் முறுக்கிக்கொள்ளும், மறுபக்கமும் சுற்றுங்கள்.

திருவிழாத் தண்ணீருக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. ஒரு ஊரில் நான் மூன்று மீட்டர் உயரத்தில் நின்றபோது திடீரென்று விசை செத்துப்போனது. பாய்ந்து விழுந்து தப்பித்தேன். ஜெட் ஸ்கீயைத் திருப்பிப் பார்த்தால், அடியில் தண்ணீர் உறிஞ்சும் வாயில் ஒரு செவ்வந்தி மாலை, நாரோடு சுற்றியிருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு சுற்றுக்கு முன்னும் மாலை, வலைத்துண்டு, பாலிதீன் எல்லாவற்றையும் அள்ளிவிட்டு, இன்ஜினை நிறுத்திவிட்டு அந்த உறிஞ்சும் வாயிலுள்ள கம்பித் தடுப்பைக் கையால் தடவிப் பார்க்கிறேன். நீங்களும் செய்யுங்கள்.

நிகழ்ச்சி நடத்த மாவட்ட நிர்வாகத்திடமும் கடலோரக் காவல் நிலையத்திலும் முன்கூட்டியே கேளுங்கள். உங்களைச் சுற்றி 30 மீட்டருக்குள் வள்ளமோ நீந்தும் பிள்ளைகளோ வராதபடி மிதவை கட்டுங்கள். உப்புத் தண்ணீரில் ஆடினால் அன்றைக்கே பம்ப், குழாய், பூட்ஸ் மூன்றையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள்.