பரத்பூரில் கழுகு பார்ப்பது எப்படி?

கழுகு பார்க்கச் செல்பவருக்கு ஜீப்பைவிடச் சைக்கிள் நல்லது. நம் நாட்டின் பெரும்பாலான தேசியப் பூங்காக்களில் வண்டியை விட்டு இறங்க அனுமதி கிடையாது. வண்டியோ புலியைத் தேடி ஓடிக்கொண்டே இருக்கும். ராஜஸ்தானில் பரத்பூர் நகரை ஒட்டியுள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில் நடந்தோ, வாசலில் வாடகைக்குக் கிடைக்கும் சைக்கிளிலோ, ரிக்‌ஷாவிலோ சுற்றலாம். ஓரிடத்தில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இச்சிறு பூங்காவிற்குக் குளிர்காலத்தில் வாத்துகளும் நாமக்கோழிகள் என்னும் கறுப்பு நீர்ப்பறவைகளும் பெருங்கூட்டமாக வந்து இறங்குகின்றன. அவற்றைத் தொடர்ந்து வடக்கிலிருந்து கழுகுகளும் வருகின்றன. தென்னிந்தியாவில் எளிதில் காணக் கிடைக்காத இனங்கள் சிலவற்றை இங்கே ஒரே காலைப்பொழுதில் பார்த்துவிட வாய்ப்புண்டு.

நவம்பர் பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி வரை ஏற்ற காலம். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் மூடுபனி காலை வெகுநேரம் வரை விலகாமல் இருப்பதுண்டு என்பதால், நாள் குறைவாக இருப்பவர்கள் பிப்ரவரியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் அந்த ஆண்டு பூங்காவில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். இந்த ஈரநிலம் வெளியிலிருந்து திறந்துவிடப்படும் நீரையே பெரிதும் நம்பியுள்ளது. மழை பொய்த்த ஆண்டுகளில் ஏரிப்பகுதிகள் வறண்டு, வாத்துகள் குறைந்து, கழுகுகளும் குறைந்துவிடுகின்றன. சென்னையிலிருந்து டெல்லி செல்லும் ரயில்களில் பல ஆக்ராவில் நிற்கின்றன. அங்கிருந்து பரத்பூர் சாலைவழியே சுமார் 55 கிலோமீட்டர்.

எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் வில்லையுள்ள இருநோக்கி (பைனாகுலர்) போதுமானது. பத்து மடங்கு கருவியில் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகிவிடுகிறது. இருநோக்கியா நீள்வில்லைக் கேமராவா என்று தயங்குபவர்கள் முதல் பயணத்திற்கு இருநோக்கியையே எடுத்துச்செல்லலாம்; கேமராவைத் தூக்கியவர் பறவையைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார் என்பது என் கருத்து.

கழுகு கனமான பறவை. தரை சூடேறி வெப்பக்காற்று மேலெழும் வரை அது வீணாகச் சிறகடிப்பதில்லை. எனவே காலை முதல் இரண்டு மணி நேரத்தில் வானத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்தைக் கெடுத்துக்கொள்ளாமல், நீருக்கு நடுவே பட்டுப்போய் நிற்கும் மரங்களின் உச்சியையும், கருவேல மரங்களின் வெளிக்கிளைகளையும் ஒவ்வொன்றாக இருநோக்கியால் துழாவ வேண்டும். பிரதான சாலையிலிருந்து இருபுறமும் பிரியும் மண்கரைகளே இதற்கு வசதியான இடங்கள். சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி கரையைத் தேர்ந்துகொள்ளாவிட்டால் எந்தக் கழுகும் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். பத்து மணிக்கு மேல் அவை வட்டமிட்டு உயரத் தொடங்கும். அப்போதுதான் வானத்தைப் பார்க்க வேண்டும்.

இருந்தாலும், கழுகு வந்திருப்பதை நம் கண்ணுக்கு முன்பே அறிவிப்பவை நாமக்கோழிகள்தான். நீர்ப்பரப்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மேய்ந்துகொண்டிருக்கும் கறுப்புக் கோழிகள் திடீரென ஒன்றையொன்று நெருங்கி, இடைவெளியே இல்லாத கரிய திட்டாகத் திரண்டுவிடும். கழுகு தாழ்ந்து வரும்போது அத்திட்டு முழுவதும் நீரை வாரி இறைத்தபடி ஒருபக்கமாக நகரும். கழுகு ஏறி, சுற்றி, மீண்டும் தாழும். கூட்டத்தின் நடுவே அது பாய்வதில்லை. விளிம்பிலிருந்து பிரிந்து தனியாகும் ஒன்றுக்காகவே அத்தனை சுற்றும். இந்தக் காட்சி பலமுறை பறவை பிடிபடாமலேயே முடிந்துவிடும். ஆகவே கழுகைத் தேடி அலைவதைவிட, நாமக்கோழிகள் நிறைந்த திறந்த நீர்ப்பகுதி ஒன்றின் கரையில் அமர்ந்து, அவற்றின் நடத்தையைக் கவனித்துக்கொண்டிருப்பதே சிறந்த வழி.

வட்டமிடுவதெல்லாம் கழுகல்ல. வால் நுனி பிளவுபட்டிருந்தால் அது கள்ளப்பருந்து. நாணலுக்கு மேலே தாழ்வாக, சிறகுகளை ஆங்கில ‘வி’ எழுத்தைப் போல உயர்த்திப் பிடித்து மிதந்து செல்வது சேற்றுப் பூனைப்பருந்து. கழுகின் சிறகு அகலமானது. பலகைபோல் நீண்டு, நுனியில் விரல்களாகப் பிரிந்திருக்கும்.

இங்கு முதலில் கற்றுக்கொள்ள எளியது கொண்டைப் பாம்புக்கழுகு. மஞ்சள் முகம், இறகு மூடாத மஞ்சள் கால்கள், பறக்கும்போது சிறகின் அடியில் தெளிவாகத் தெரியும் அகன்ற வெள்ளைப் பட்டை ஆகியவற்றைப் பார்த்துவிட்டால் ஐயத்திற்கு இடமில்லை. அடுத்தது பெரும்புள்ளிக் கழுகு. ரஷ்யக் காடுகளிலும் சதுப்புகளிலும் கூடு கட்டிவிட்டு வரும் இக்கரும்பழுப்புப் பறவை, ஈரநிலத்தை மிகவும் விரும்புவதால் இங்கே எதிர்பார்க்கத் தக்கது; வால் குட்டையானது; மிதக்கையில் சிறகு நுனிகள் சற்றே கீழ்நோக்கி வளைந்திருக்கும்; இளம்பறவையின் மேற்சிறகில் வெண்புள்ளிகள் வரிசையாகத் தெரியும். மத்திய ஆசியாவின் புல்வெளிகளிலிருந்து வரும் ஸ்டெப்பி கழுகின் இளம்பறவைக்குச் சிறகின் அடியில் நீளவாட்டில் வெள்ளைப் பட்டை ஓடும். இதைப் பெருங்கூட்டமாகக் காண விரும்புவோர் பரத்பூரை விட்டுப் பிகானேர் அருகிலுள்ள ஜோர்பீருக்குச் செல்ல வேண்டும். இறந்த கால்நடைகளைப் போடும் அந்த இடம் பார்க்க அழகானதன்று, ஆனால் கழுகுகளுக்கு அதுவே விருந்து.

அமர்ந்திருக்கும் பழுப்புக் கழுகைப் பிரித்தறிய முகத்தைப் பார்க்க வேண்டும். வாய்க்கோடு (அலகின் பிளவு கண்ணை நோக்கி நீளும் கோடு) கண்ணின் நடுப்பகுதி வரை மட்டும் வந்து, மூக்குத்துளை வட்டமாக இருந்தால் பெரும்பாலும் பெரும்புள்ளிக் கழுகு. கோடு கண்ணின் பின்விளிம்பு வரை நீண்டு, மூக்குத்துளை நீள்வட்டமாக இருந்தால் ஸ்டெப்பி கழுகு. இந்தியப் புள்ளிக்கழுகுக்கும் வாய்க்கோடு நீளம்தான், ஆனால் அதன் உடல் சிறியது. தலையும் பிடரியும் வெளிர்பொன் நிறமாகவும், தோளில் வெள்ளைத் தீற்றலும் இருந்தால் அது முதிர்ந்த கிழக்கத்திய அரசக்கழுகு. அன்றைய நாளுக்கு வேறொன்றும் தேவையில்லை.

அமர்ந்த கழுகை நெருங்கும்போது நேராக நடக்கக் கூடாது. பறவை தலையை நிமிர்த்தி, உடலை முன்னே சாய்த்து, எச்சமிட்டால் அடுத்த நொடி பறக்கப்போகிறது என்று பொருள். அதற்கு முன்பே நின்றுவிட வேண்டும். கரையை விட்டு இறங்குவது, கைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பது, சங்குவளை நாரைகள் கூடு கட்டியுள்ள மரங்களை நெருங்குவது ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். பெற்ற நாரை மிரண்டு எழுந்தால், மேலே காத்திருக்கும் கழுகுக்கு அதன் குஞ்சு எளிய இரையாகிவிடும்.

பூங்காவின் ரிக்‌ஷா ஓட்டுநர்களில் பலர் பறவைகளை அடையாளம் காணப் பயிற்சி பெற்றவர்கள். கழுகுகள் வழக்கமாக அமரும் மரங்கள் அவர்களுக்குத் தெரியும். முதல் நாள் ஒருவரை அமர்த்திக்கொண்டு, மறுநாள் சைக்கிளில் தனியே செல்வது நல்ல ஏற்பாடு. இனம் உறுதியாகாத கழுகை, பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்ட் (eBird) இணையதளத்தில் பதியும்போது, பெயரை ஊகித்து எழுதாமல் ‘இனம் தெரியாத கழுகு’ என்பதற்கான பிரிவிலேயே பதிந்துவிடலாம்.