நகராட்சி பட்ஜெட் எப்படித் தயாராகிறது? தர்மபுரி, கிருஷ்ணகிரிவாசிகளுக்கு ஒரு செய்முறை விளக்கம்

மார்ச் மாதம் பேப்பரில் "நகராட்சி பட்ஜெட் தாக்கல், கவுன்சிலர்கள் வெளிநடப்பு" என்று செய்தி வரும்போதுதான் அப்படி ஒன்று இருப்பதே பலருக்கு ஞாபகம் வரும். அப்போது போய் நம் தெருச் சாக்கடைக்கு மனு கொடுத்தால் அடுத்த வருஷக் கணக்கில்தான் சேரும். பட்ஜெட்டில் முக்கால்வாசி, கூட்டத்துக்கு வெகு முன்பே ஆபீஸ் மேஜையில் எழுதி முடிந்துவிடுகிறது. அது எப்படி எழுதப்படுகிறது, நாம் எங்கே தலையிடலாம் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

முதல் படி: நீங்கள் யாருக்கு வரி கட்டுகிறீர்கள்?

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டும் நகராட்சிகள்; ஆளுக்கு 33 வார்டு. ஓசூர் 2019 முதல் மாநகராட்சி. அங்கே மேயர், நிலைக்குழுக்கள் என்று அமைப்பே கொஞ்சம் வேறு. தர்மபுரியில் கலெக்டர் ஆபீஸ், இலக்கியம்பட்டி பக்கம் குடியிருப்பவர்கள் முதலில் தங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்து, அதில் எந்த உள்ளாட்சியின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ஊருக்குள் இருப்பதாக நினைத்துக்கொண்டு சம்பந்தமில்லாத ஆபீஸில் மனு கொடுப்பவர்கள் நிறைய.

இரண்டாம் படி: பிரிவுகளின் கணக்கு

நிதியாண்டு ஏப்ரல் 1-ல் தொடங்கி மார்ச் 31-ல் முடிகிறது. அதற்குச் சில மாதங்கள் முன்பே ஆணையாளர் எல்லாப் பிரிவுகளிடமும் கணக்குக் கேட்பார். பொறியியல் பிரிவு சாலை, வடிகால், தெருவிளக்கு. சுகாதாரப் பிரிவு துப்புரவுப் பணியாளர் சம்பளம், குப்பை வண்டிக்கு டீசல். வருவாய்ப் பிரிவு வரி. நகரமைப்புப் பிரிவு கட்டட அனுமதிக் கட்டணம் என்று அவரவர் எழுதித் தருவதைக் கணக்காளர் ஒன்றுசேர்ப்பார்.

உங்கள் தெரு வேலை பட்டியலில் ஏற வேண்டுமானால் இதுதான் நேரம். டிசம்பருக்குள் கவுன்சிலரிடம் எழுத்தில் கொடுங்கள். எங்கிருந்து எங்கே வரை, சுமாராக எத்தனை மீட்டர் என்று குறிப்பிட்டிருந்தால் பொறியியல் பிரிவு மதிப்பீடு போட வசதி. "எங்க ஏரியாவுக்கு எதுவுமே செய்யல" என்ற மனுவுக்கு மதிப்பீடு போட முடியாது. 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று முதல் முறையாக நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. உங்கள் வார்டில் கூட்டம் போட்டால் அங்கேயும் சொல்லிப் பதிவு செய்ய வையுங்கள்.

மூன்றாம் படி: வரவு

நான் அதிக நேரம் செலவிடச் சொல்வது இந்த இடத்தில்தான். செலவு எப்படியும் நடந்துவிடும். பொய்க்கணக்கு நுழைவது வரவுப் பக்கத்தில்.

நகராட்சியின் சொந்த வருமானத்தில் பெரியது சொத்து வரி. அரையாண்டுக்கு ஒருமுறை கட்ட வேண்டும். காலத்தோடு கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை உண்டு. அடுத்தது தொழில் வரி. ஒருவரிடம் வருஷத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று அரசியல் சட்டமே வரம்பு கட்டியிருக்கிறது. இவற்றோடு காலிமனை வரி, பஸ் ஸ்டாண்ட் கடை வாடகை, சந்தைக் குத்தகை, கட்டணக் கழிப்பிடக் குத்தகை எல்லாம் சேரும்.

வருவாய்ப் பிரிவில் "கேட்பு, வசூல், நிலுவை" என்று ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். கேட்பு என்றால் மக்கள் கட்ட வேண்டிய மொத்த வரி. டி.சி.பி. (டிமாண்ட், கலெக்‌ஷன், பேலன்ஸ்) என்றால் ஆபீஸில் எல்லோருக்கும் புரியும். ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். பழைய பாக்கி 2 கோடி, இந்த வருஷக் கேட்பு 5 கோடி, ஆக 7 கோடி. வழக்கமாக வசூலாவது 65 சதவீதம் என்றால் கையில் வருவது 4 கோடியே 55 லட்சம். பட்ஜெட்டில் மட்டும் 6 கோடியே 50 லட்சம் என்று எழுதிவிட்டால் காகிதத்தில் உபரி பளிச்சென்று தெரியும். ஆனால் 1 கோடியே 95 லட்சத்துக்கான வேலைகளுக்குப் பணமே கிடையாது. அந்த வேலைகளைத்தான் பிறகு "நிதி வந்ததும் செய்யப்படும்" என்பார்கள்.

அடுத்து மானியம். மாநில நிதிக்குழு மானியம் மாநில அரசின் வரி வருவாயிலிருந்து வருகிறது. மத்திய நிதிக்குழு மானியத்துக்கு நிபந்தனைகள் உண்டு. 2021-26 காலத்துக்கான 15-வது நிதிக்குழு, நம்மைப் போன்ற நகரங்களுக்கு 40 சதவீதத்தைத்தான் பொதுத் தேவைக்கு விட்டது. 30 சதவீதம் குடிநீருக்கு, 30 சதவீதம் துப்புரவுப் பணிகளுக்கு. அந்த 60 சதவீதத்தில் பூங்காவுக்கு வளைவு கட்ட முடியாது.

நான்காம் படி: மூன்று பைகள்

தமிழ்நாட்டு நகராட்சி பட்ஜெட்டைத் திறந்தால் மூன்று நிதிகள் தனித்தனியாக இருக்கும்: வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, கல்வி நிதி. ஒன்றில் இருப்பதை எடுத்து நினைத்தபடி இன்னொன்றில் செலவு செய்யக் கூடாது. உங்கள் கோரிக்கை எந்தப் பையைச் சேர்ந்தது என்று தெரிந்துகொண்டு பேசினால் அதிகாரியும் மழுப்ப முடியாது.

நம் பக்கத்தில் கவனிக்க வேண்டியது குடிநீர் நிதி. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இரண்டு மாவட்டத்துக்கும் வந்தது. அந்தத் தண்ணீர் சும்மா வருவதில்லை. குடிநீர் வாரியத்துக்கு நகராட்சி பணம் கட்ட வேண்டும். மோட்டாருக்குக் கரண்ட் பில், பைப் உடைந்தால் ரிப்பேர். எதிர்ப்பக்கம் நாம் கட்டும் குடிநீர்க் கட்டணம், அதிலும் பாக்கி. இரண்டு எண்ணையும் அருகருகே வைத்துப் பாருங்கள், ஏன் புது லைன் வரவில்லை என்பதற்குப் பாதி விடை கிடைக்கும்.

சொத்து வரியோடு வசூலாகும் நூலக வரி நகராட்சியின் காசு அல்ல. நூலகத் துறைக்குப் போய்ச் சேர வேண்டியது.

ஐந்தாம் படி: செலவு

சம்பளம், ஓய்வூதியப் பங்கு, மின்கட்டணம், வாங்கிய கடனுக்குத் தவணை. இவற்றை எடுத்துவைத்த பிறகு மிஞ்சுவதுதான் புது வேலைக்கு.

ஆறாம் படி: மன்றக் கூட்டம்

தயாரான மதிப்பீடு நகர்மன்றத் தலைவர் முன் போய், பிறகு கூட்டப்பொருளாகக் கவுன்சிலர்களுக்கு அனுப்பப்படும். அதில் நான்கு எண்கள் வரிசையாக இருக்கும்: முடிந்த ஆண்டின் உண்மைக் கணக்கு, நடப்பு ஆண்டுக்கு முதலில் எழுதியது, அதன் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு. முதலில் எழுதியதற்கும் திருத்தியதற்கும் எங்கே பெரிய பள்ளம் விழுந்திருக்கிறதோ, அங்கே விரலை வைத்துக் கேள்வி கேளுங்கள். உங்கள் கவுன்சிலர் உபரி, பற்றாக்குறை என்ற கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு வருபவராக இருந்தால் இதை அவருக்குச் சொல்லிக்கொடுங்கள். தப்பில்லை.

விவாதம் நடந்து தீர்மானம் நிறைவேறினால் பட்ஜெட் ஏற்கப்பட்டதாகும். பல ஊர்களில் நடப்பதைப் பார்த்தால் விவாதம் ரொம்பச் சின்னது, "ஆல் பாஸ்" ரொம்பச் சத்தமானது.

ஏழாம் படி: அதற்குப் பிறகு

பட்ஜெட்டில் பெயர் வந்துவிட்டது என்பதற்காக நாளைக்கே ஜேசிபி வராது. தனியாக மதிப்பீடு, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், வேலை உத்தரவு என்று ஒவ்வொன்றாகத் தாண்ட வேண்டும். எந்தப் படியில் நிற்கிறது என்று கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். "எப்ப சார் போடுவீங்க?" என்று கேட்டால் "சீக்கிரம்" என்பதோடு முடிந்துவிடும்.

பட்ஜெட் நகல் கேட்டுத் தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டப்படி நகராட்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு போடுங்கள். 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். மனுவில் மூன்றே விஷயம் கேளுங்கள்: மன்றம் ஏற்ற வரவு செலவுத் திட்டத்தின் நகல், அதை ஏற்ற தீர்மானத்தின் நகல், சொத்து வரியின் கடைசி மூன்று ஆண்டுக் கேட்பு-வசூல்-நிலுவைப் பட்டியல்.