ஏஇடி பெட்டி கையில் கிடைத்தால் என்ன செய்வது? முதல்முறை தொடுவோருக்கு

போன மாதம் கோலாலம்பூரில் ஒரு பேரங்காடியில் ஜாகாவிடம், அதாவது காவலரிடம், "ஏஇடி எங்கே இருக்கு?" என்று கேட்டேன். திடீரென்று இதயம் நின்றவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவிதான் ஏஇடி. கொஞ்சம் யோசித்துவிட்டு என்னைத் தீயணைப்பான் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அவரைக் குறை சொல்லவில்லை. முதலுதவி வகுப்புக்குப் போகும்வரை எனக்கும் அது ஏதோ ஏடிஎம்முக்குத் தம்பி மாதிரிதான் தோன்றியது.

கருவியை இயக்குவது சுலபம். அது இருக்கும் இடம் தெரியாததுதான் தொல்லை. இதயம் நின்றபின் எதுவும் செய்யாமல் விட்டால், ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு வரை குறைகிறது. நம்ம ஊர் சாலை நெரிசலைத் தாண்டி ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்க முடியாது. அதனால் முதல் வேலையை இன்றைக்கே செய்யுங்கள். வேலையிடம், எம்ஆர்டி ரயில் நிலையம், பூப்பந்து அரங்கம் என்று வழக்கமாகப் போகும் இடங்களில் இதயத்துக்குள் மின்னல் வரைந்த பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். தைப்பூசத்துக்குப் பத்துமலையின் 272 படிகளை ஏறுவதற்கு முன் முதலுதவிக் கூடாரம் எங்கே என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஒருவர் கண்ணெதிரே விழுந்துவிட்டார். தோளைத் தட்டி, "அண்ணே, அண்ணே!" என்று உரக்கக் கூப்பிடுங்கள். அசைவில்லையா? மார்பு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். பத்து விநாடிக்கு மேல் வேண்டாம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தரையில் போட்ட மீன் மாதிரி விட்டு விட்டு வாயைத் திறப்பார். கொர்ரென்று சத்தம்கூட வரும். "மூச்சு இருக்கு, தண்ணி தெளிங்க" என்பார் ஒருவர். அது மூச்சே அல்ல. இதயம் நின்றுவிட்டதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

"யாராவது போன் பண்ணுங்க" என்று பொதுவாகக் கத்தினால் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஆளைச் சுட்டிச் சொல்லுங்கள்: "நீலச் சட்டை தம்பி, 999க்கு அடி. அக்கா, நீங்க ஏஇடி எடுத்துட்டு வாங்க." கொண்டோமினியம் என்றால் ஒருவர் கீழே போய்க் காவலரிடம் சொல்லி, லிஃப்டைப் பிடித்து வைக்கட்டும்.

நீங்கள் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். மார்பின் நடுவில் ஒரு கைமேல் இன்னொரு கை, முழங்கை மடங்காமல். ஆழம் 5 செ.மீ. இருக்கட்டும், 6-ஐத் தாண்டக் கூடாது. வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை. வாயோடு வாய் வைத்து ஊதத் தெரியாதா, தயக்கமா? அழுத்தினால் மட்டும் போதும். இரண்டு நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும், ஆள் மாற்றிக்கொள்ளுங்கள்.

கருவி வந்ததும் இயக்குங்கள். சில கருவிகள் மூடியைத் திறந்தாலே பேசத் தொடங்கும், இங்கே பெரும்பாலும் ஆங்கிலத்திலோ மலாயிலோ. மொழி புரியாவிட்டாலும் ஒட்டுப்பட்டையில் படம் இருக்கிறது. ஒன்று வலது காறை எலும்புக்குக் கீழே, மற்றது இடது அக்குளுக்குக் கீழே விலாப் பக்கம். வெறும் தோலில்தான் ஒட்ட வேண்டும். நம்ம ஊர் வேர்வையில் பட்டை நழுவும், முதலில் துடைத்துவிடுங்கள். விழுந்தவர் பெண் என்றால் எல்லாரும் தயங்குவார்கள். தயங்காமல் ரவிக்கையை வெட்டுங்கள், இரண்டு பேர் துப்பட்டாவைப் பிடித்து மறைக்கட்டும். தாலிக்கொடியைக் கழற்ற வேண்டாம், பட்டையில் படாமல் ஒதுக்கினால் போதும். தோலுக்கடியில் இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் புடைத்துத் தெரிந்தால் அதன் மேல் ஒட்டாமல் கொஞ்சம் தள்ளி ஒட்டுங்கள்.

அப்புறம் கருவி இதயத்துடிப்பை ஆராயும். அப்போது யாரும் அவரைத் தொடக் கூடாது. மின்னதிர்ச்சி வேண்டும் என்றால் அதுவே சொல்லும். எல்லாரும் விலகியதைப் பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள். சில கருவிகள் தாமாகவே கொடுத்துவிடும்.

"தப்பாக ஷாக் கொடுத்துக் கொன்றுவிட்டால்?" வகுப்பில் நான் கேட்ட முதல் கேள்வி இதுதான். கொடுக்காது. இதயம் ஒழுங்காகத் துடிக்காமல் வெறுமனே நடுங்குவது போன்ற தாளக்கேடு தெரிந்தால்தான் கருவி மின்சாரத்தை விடும். வேண்டாம் என்று சொன்னால் ஆள் பிழைத்துவிட்டார் என்றும் பொருளில்லை, போய்விட்டார் என்றும் பொருளில்லை. ஷாக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் உடனே மறுபடி நெஞ்சை அழுத்துங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கருவி மீண்டும் சோதிக்கும். கண் விழித்தாலும் பட்டையை உரிக்காதீர்கள்.

1965-இல் பெல்ஃபாஸ்டில் இதய மருத்துவர் ஃபிராங்க் பேன்ட்ரிட்ஜ் ஆம்புலன்ஸில் ஏற்றிய முதல் மின்னதிர்ச்சிக் கருவி சுமார் 70 கிலோ. இப்போது ஒரு கையில் தூக்கிக்கொண்டு ஓடலாம். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் செம்பிறைச் சங்கமும் பயிற்சி நடத்துகின்றன. பொம்மையின் மார்பை ஒருமுறை அழுத்திப் பார்த்தால் அந்த 5 செ.மீ. எவ்வளவு என்று கைக்குப் புரியும்.

அந்தப் பேரங்காடிக்குப் போன வாரம் மறுபடி போனேன். ஜாகாவும் நானும் சேர்ந்து தேடினோம். இரண்டாம் மாடியில், கழிப்பறைக்குப் போகும் வழியில், டுரியான் கேக் விளம்பரப் பலகைக்குப் பின்னால் இருந்தது. பலகையை அவரே தள்ளி வைத்தார்.